பிகோனியா, எண் 147

அந்தத் தாளை நான் எத்தனை முறை கைப்பேசியில் திறந்து பார்த்திருப்பேன் என்று கேட்டால் சொல்லவே வெட்கமாக இருக்கிறது. விழுப்புரத்தில் கல்லூரி விட்டு ஷேர் ஆட்டோவில் நான்கு பேருக்கு நடுவே நெருக்கியடித்து உட்கார்ந்து வரும்போது பார்த்திருக்கிறேன். குக்கர் மூன்றாவது விசில் அடிப்பதற்குள் பார்த்திருக்கிறேன். கெட்டியான ஒரு வெள்ளைத் தாள். அதில் காய்ந்து பழுப்பாகிப்போன ஒரு காட்டுப் பிகோனியா. ஒரு பக்கம் பெருத்து மறு பக்கம் சிறுத்த இரண்டு இலைகள், மூன்று இறக்கை வைத்த ஒரு காய், நிறம் போன நாலைந்து பூக்கள். தாளின் வலது கீழ் மூலையில் லேபிள். லேபிளில் சேகரித்தவர் என்ற இடத்தில் அவள் பெயர். அவள் பெயரை ஒட்டி, ஆங்கிலத்தில், ‘அண்ட் பார்ட்டி’.

அந்தப் பார்ட்டி நான்தான்.

செடியைப் பறித்து, அழுத்தி, காயவைத்து, தாளில் தைத்து, எங்கே எப்போது யார் எடுத்தது என்று எழுதி அலமாரியில் அடுக்கி வைக்கும் இடத்துக்கு ஹெர்பேரியம் என்று பெயர். தாலுகா ஆபீசில் ரெக்கார்டு ரூம் இருக்கிறதே, அதுபோலச் செடிகளுக்கு ஒன்று என்று என் மாணவிகளுக்குச் சொல்வேன். முன்பெல்லாம் ஒரு தாளைப் பார்க்க வேண்டுமென்றால் ரயிலேறிப் போய், கடிதம் காட்டி, கையெழுத்துப் போட்டு உள்ளே நுழைய வேண்டும். இப்போது பெரிய ஹெர்பேரியங்கள் எல்லாத் தாளையும் படமெடுத்து இணையத்தில் போட்டுவிட்டன. ஆராய்ச்சிக்கு அது பெரிய உபகாரம். எனக்கு என்ன ஆயிற்று என்றால், எப்போதோ ஒருமுறை எரிந்துகொண்டிருந்த வயிறு தினமும் எரிய ஆரம்பித்தது.

அந்தப் பிகோனியாவின் முழுப்பெயரையும் அது வளரும் காட்டின் பெயரையும் இங்கே எழுத மாட்டேன். அரிய செடி எங்கே இருக்கிறது என்று தெரிந்தால் பெயர்த்துக்கொண்டு போய்த் தொட்டியில் வைத்து விற்கிற கும்பல் இருக்கிறது. மேற்கு மலையில், தெற்கே, மழை விடாத ஒரு காடு என்பது போதும். அங்கே இரண்டு ஓடைகள். நாங்கள் தங்கிய தேயிலை எஸ்டேட்டுக்கு மேலே இருப்பதை மேல் ஓடை என்றும், கீழே பள்ளத்தில் ஓடுவதைக் கீழ் ஓடை என்றும் நாங்கள் சொல்லிக்கொண்டோம்.

அவளும் நானும் ஒரே வருடம் ஆராய்ச்சிக்குச் சேர்ந்தோம். எனக்கு வளவனூர்ப் பக்கம். சொந்த நிலம், போர் கிணறு, கரும்பு, மல்லாட்டை எனும் வேர்க்கடலை என்று வசதிக்குக் குறைவில்லை. அவளுக்குக் கிளியனூரை ஒட்டி ஒரு சின்ன ஊர். அவள் அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை செய்து அவளைப் படிக்க வைத்தவர்கள். இதை ஏன் சொல்கிறேன் என்றால், என் பொறாமையில் இதற்கும் பங்கு இருந்தது. இதை மறைத்துவிட்டு மீதியை எழுதினால் மீதியும் பொய்யாகிவிடும். நுழைவுத் தேர்வில் அவள் முதலாவதாக வந்த செய்தியை வீட்டில் சொன்னபோது என் அம்மா, “அவங்க வூட்டுப் பொண்ணு படிச்சி மேல மேல போய்க்கினு இருக்குது. ஒனக்கு நாங்க இன்னாடி கொற வச்சோம்?” என்றாள். அம்மா சொன்னது எனக்கு அன்றைக்குத் தப்பாகப் படவில்லை. அவளுக்குப் பின்னால் நான் நிற்பதுதான் தப்பாகப் பட்டது.

அவள் ஒன்றும் வாயில்லாப் பூச்சி இல்லை. நறுக்கென்று பேசுவாள். ஒருமுறை ஆய்வுக்கூடத்தில் மைக்ரோஸ்கோப்பிலிருந்து தலையைத் தூக்காமலேயே, “நீ செடியப் பாக்கறத வுட என்னப் பாக்கறதுதான் ஜாஸ்தி” என்றாள். உண்மை சுடும் என்பார்களே, அன்றைக்கு நன்றாகச் சுட்டது. ஒரு வாரம் அவளோடு பேசவில்லை. அவள் அதைக் கவனித்த மாதிரியே தெரியவில்லை. அது இன்னும் சுட்டது.

காட்டுக்குப் போகும்போது ஒரு பயணத்துக்கு ஒரே ஒரு குறிப்பேடுதான் எடுத்துப் போவோம். பறிக்கிற ஒவ்வொரு செடிக்கும் அதில் ஒரு எண். குறிப்பேடு யார் கையில் இருக்கிறதோ அவர் பெயரில்தான் எண் ஓடும். பின்னால் லேபிளில் அவர் பெயர் முதலில் வரும். கூட வந்தவர்கள் எல்லோரும் ‘அண்ட் பார்ட்டி’. இது சட்டமும் இல்லை, சதியும் இல்லை. எங்கள் தொழிலில் அப்படித்தான் செய்துவந்தார்கள். எங்கள் வழிகாட்டியான பேராசிரியர், மழையில் நனைந்தாலும் அவள் கையெழுத்து புரிகிறது என்று குறிப்பேட்டை அவளிடம் கொடுத்தார். என்னிடம் செடி அழுத்தும் சட்டத்தைக் கொடுத்தார். இரண்டு மரச்சட்டம், இறுக்கிக் கட்ட இரண்டு வார், நடுவே வைக்க ஒரு கட்டுப் பழைய தினசரித் தாள். எடை மட்டும் அவள் சுமையைவிட நாலு மடங்கு.

மூன்றாவது நாள் மேல் ஓடைக்கரையில் உயரமாக வளர்ந்த ஒரு பிகோனியாவை அவள் பார்த்தாள். எண் 147. சாதாரணமாகக் கிடைப்பதுதான். ஐந்தாவது நாள் பேராசிரியருக்குக் காய்ச்சல். அவரை எஸ்டேட் குடியிருப்பிலேயே விட்டுவிட்டு, வனத்துறை வாட்சர் ஒருவரைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு நாங்கள் இரண்டு பேரும் கீழ் ஓடைக்கு இறங்கினோம். கால் முழுக்க அட்டை. சாக்ஸுக்குள் உப்பும் புகையிலையும் வைத்துக் கட்டியும் கடித்தன. ஓடையில் இறங்கும் இடத்தில் பாறை வழுக்கி, முதுகில் சட்டத்தோடு நான் குப்புற விழுந்தேன். முழங்காலில் நல்ல அடி. வலியில் கண்ணைத் திறந்தால் மூக்குக்கு ஒரு சாண் தள்ளி, பாறையோடு பாறையாக ஒட்டிக்கொண்டு அது இருந்தது. இலையின் அடிப்பக்கம் வெற்றிலை போட்ட உதட்டு நிறம். அந்தக் கோணத்தில் விழாமல் இருந்திருந்தால் அது யார் கண்ணுக்கும் பட்டிருக்காது.

“ஏய், இங்க வாடி, ஜல்தியா வா!” என்று கத்தினேன்.

அவள் ஓடிவந்தாள். முட்டி போட்டு உட்கார்ந்து இலையைத் திருப்பிப் பார்த்தாள். பாக்கெட்டிலிருந்து குறிப்பேட்டை எடுத்தாள். எனக்குக் கை கொடுக்கும்முன் செடிக்கு எண் கொடுத்தாள். 152. அதற்குப் பிறகுதான், “அடிபட்டுச்சாடி?” என்று கேட்டாள்.

பிகோனியாவை அழுத்திக் காயவைப்பது பெரிய பேஜார். தண்டு முழுக்கத் தண்ணீர். மற்ற செடியெல்லாம் சமர்த்தாகக் காயும். இது இரண்டு நாளில் கறுத்து அழுகி, இலை ஒரு பக்கம் பூ ஒரு பக்கம் என்று கழன்றுவிடும். காலையும் மாலையும் ஈரத்தாளை உருவிவிட்டு உலர்ந்த தாளை வைக்க வேண்டும். தாளின் மூலையில் செடியின் எண்ணைப் பென்சிலால் எழுதியிருப்போம். தாளை மாற்றும்போது முதலில் புதிய தாளில் எண்ணை எழுத வேண்டும், பிறகுதான் செடியை நகர்த்த வேண்டும், ஒரு நேரத்தில் ஒரு செடியைத்தான் திறக்க வேண்டும். செடி அழுத்தப் பழகும் முதல் நாளே இந்த மூன்றையும் சொல்லிவிடுவார்கள். நானும் என் மாணவிகளுக்கு அப்படித்தான் சொல்கிறேன், கொஞ்சம் அதட்டலாகவே.

அன்று மாலை குடியிருப்பின் விறகடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்து நான் தாள் மாற்றிக்கொண்டிருந்தேன். முழங்கால் பன் மாதிரி வீங்கியிருந்தது. அடுத்த அறையில் போர்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்த பேராசிரியருக்கு அவள் அன்றைய குறிப்புகளைப் படித்துக் காட்டினாள். “ரொம்ப நல்லா எழுதியிருக்கம்மா, செடியப் பாக்காமயே பாத்த மாதிரி இருக்கு” என்று அவர் சொன்னது எனக்குக் கேட்டது. அதைத் திரும்ப ஒருமுறை சொன்னதும் கேட்டது. விழுந்தவள் நான், பார்த்தவள் நான், ஈரத்தாளைப் பிழிந்துகொண்டு உட்கார்ந்திருப்பவளும் நான். வேறெதுவும் அன்று மாலை என் மண்டைக்குள் இல்லை.

ஊர் திரும்பிச் சில மாதம் கழித்துத்தான் விஷயம் பெரிதாயிற்று. பேராசிரியர் காய்ந்த செடிகளை ஒவ்வொன்றாக லென்ஸ் வைத்துப் பார்த்து வந்தார். ஒரு பிகோனியாவில் வந்து நின்றார். காயை ஊறவைத்து அறுத்துப் பார்த்தார். இரண்டு நாள் பழைய நூல்களைப் புரட்டினார். மூன்றாம் நாள், நம் மாநிலத்துக் காடுகளில் வெகுகாலமாக யாரும் பார்க்காத இனம் இது என்று சொன்னார். எண் 147 என்றார். அவளைக் கூப்பிட்டுத் தோளைத் தட்டினார். நான் எட்டிப் பார்த்தேன். ஒரு சாண் தூரத்தில் பார்த்த முகத்தை மறந்துவிடுவேனா? அது என் பாறைச்செடி.

எண் எனக்கு உறைக்கவில்லை. என் செடி, அவள் பெயர் என்பது மட்டும்தான் உறைத்தது. அவளுக்கும் தெரியும், தெரிந்தேதான் சிரித்துக்கொண்டு நிற்கிறாள் என்று முடிவு கட்டினேன். வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ‘இதை நான் பார்த்தேன்’ என்று கேட்டு வாங்க நானென்ன கையேந்தி நிற்கிறவளா என்று விறைத்துக்கொண்டேன். அந்த விறைப்பு இருபது வருடம் நின்றது.

அதற்குப் பிறகு யார் பிகோனியாவைப் பற்றி எழுதினாலும் அவள் பெயரும் 147 என்ற எண்ணும் வந்தன. திண்டிவனத்தில் ஒரு கல்லூரியில் அவளுக்கு வேலை கிடைத்தது. நான் இரண்டு இடத்தில் தற்காலிகமாக ஓட்டிவிட்டுத்தான் விழுப்புரத்தில் நிரந்தரமானேன். அவள் துறைத் தலைவர் ஆனாள். நான் இன்னும் ஆகவில்லை. பொங்கலுக்கு வாழ்த்து அனுப்பிக்கொள்வோம், கல்யாணம் காட்சியில் பார்த்தால் ஒரே வரிசையில் உட்கார்ந்து சாப்பிடுவோம். அவள் அந்தச் செடியைப் பற்றிப் பேச எங்கே மேடை ஏறினாலும் நான் டீ குடிக்க வெளியே போய்விடுவேன்.

போன வருடம் மழைக்காலம் முடிந்த சமயத்தில் ஒரு பெண் தொலைபேசியில் கூப்பிட்டாள். பிகோனியாக்களைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறாளாம். “திண்டிவனம் மேடம்தான் உங்க நம்பர் குடுத்தாங்க மேடம். அந்தப் பயணத்துல நீங்களும் இருந்தீங்களாமே” என்றாள். சரி, பார்ட்டிக்கும் ஒருநாள் வாழ்வு வந்தது என்று நினைத்துக்கொண்டேன். அந்தப் பெண் தொடர்ந்தாள்: “மூணு தடவை போய்ட்டேன் மேடம். ஓடைக்கரை முழுக்கத் தேடிட்டேன். ஒரு செடி இல்ல. அந்த இடத்துலருந்து அழிஞ்சிடுச்சின்னு எழுதறதா இருக்கேன். அதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை உங்களையும் கேட்டுடலாம்னு.”

“எந்த ஓடை?” என்றேன்.

“மேல் ஓடைதான் மேடம். லேபிள்ல அப்படித்தானே இருக்கு?”

பிறகு கூப்பிடுகிறேன் என்று வைத்துவிட்டு, அந்தத் தாளைத் திறந்தேன். லேபிளைப் பெரிதாக்கினேன். சேகரித்தவர் பெயருக்கு மேலே இடம் என்று ஒரு வரி இருந்தது. மேல் ஓடைக்கரை என்று தெளிவாக, அவளுடைய அழகான கையெழுத்தில் எழுதியிருந்தது. இருபது வருடத்தில் எத்தனையோ நூறு தடவை பார்த்த லேபிள். அவள் பெயர் இருக்கும் வரியை விட்டு என் கண் ஒருநாளும் நகர்ந்ததில்லை.

முதலில் திகைப்பு. அடுத்த நொடியே வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. அவள் தப்பு செய்திருக்கிறாள்! இடத்தையே மாற்றி எழுதியிருக்கிறாள்! அந்தத் தப்பு இத்தனை வருடமாக ஊர் உலகத்துக்கு முன்னால் கிடக்கிறது, கண்டுபிடித்தவள் நான். அந்த ஆராய்ச்சிப் பெண்ணை அப்போதே கூப்பிட்டு, ‘கீழ் ஓடைக்குப் போம்மா, பாறையில் பார்’ என்று சொல்லியிருக்க வேண்டும். ஒரு செடி அழிந்துவிட்டதென்று எழுதப்போகிறாள், அதுதான் அவசரம். நான் சொல்லவில்லை. முதலில் திண்டிவனம் போய் அவள் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று இருந்தது.

சனிக்கிழமை காலை திண்டிவனம் பஸ்ஸில் ஏறினேன். ஜன்னல் சீட் கிடைத்தது. விக்கிரவாண்டி டோல்கேட் தாண்டும்வரை மனதுக்குள் வசனம் ஒத்திகை பார்த்தேன். ரொம்பப் பணிவாக ஆரம்பித்து, நடுவில் கொஞ்சம் வருத்தம் காட்டி, கடைசியில் ‘இவ்வளவு கவனமா இருக்கிற உனக்கே இப்படி ஆயிடுச்சே’ என்று முடிக்க வேண்டும். அந்தக் கடைசி வரியை நாலைந்து விதமாகச் சொல்லிப் பார்த்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

அவள் துறையில்தான் இருந்தாள். தேர்வுத்தாள் வேலையாக இரண்டு இளம் ஆசிரியைகளும் இருந்தார்கள். என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். “வாடி வாடி. பஸ்லயா வந்த? ஒரு போன் பண்ணியிருந்தா வண்டி எடுத்துக்கினு ஸ்டாண்டுக்கே வந்திருப்பேன்ல?” தலை பாதி நரைத்திருந்தது. சாயம் பூசுவதில்லை. எனக்கு அதிலும் ஒரு எரிச்சல், நான் பூசுகிறேன்.

“அந்த 147க்கு ஒரு ட்யூப்ளிகேட் எடுத்தோமே, உங்கிட்டதான இருக்குது?” என்றேன். ஒரே எண்ணில் இரண்டு மூன்று துண்டு எடுத்து, ஒன்றைப் பெரிய ஹெர்பேரியத்துக்கு அனுப்பிவிட்டு மற்றதைக் கல்லூரியில் வைத்துக்கொள்வது வழக்கம்.

“இருக்குது. தாள்ல கூட தைக்கல, அப்படியே கட்டுல கெடக்குது. எதுக்குடி?”

ஒத்திகை பார்த்ததெல்லாம் பறந்துபோயிற்று. அந்த இரண்டு ஆசிரியைகளுக்கும் கேட்கட்டும் என்று சத்தமாகவே சொன்னேன். “அது மேல் ஓடையில எடுத்தது இல்லடி. கீழ் ஓடை. நான் வழுக்கி வுழுந்தேனே, அந்தப் பாறையில இருந்தது. நீ லேபிள்ல இடத்த மாத்தி எழுதிட்ட. பாவம் அந்தப் பொண்ணு மூணு தடவ போய் இல்லாத எடத்துல தேடிக்கினு இருக்குது.”

அவள் சண்டைக்கு வரவில்லை. இரும்பு அலமாரியைத் திறந்தாள். அந்துருண்டை வாசனை அறை முழுக்க வந்தது. அன்றைய குறிப்பேட்டை எடுத்தாள். அட்டை பூத்துப்போயிருந்தாலும் எழுத்து அழியவில்லை. ‘147, பிகோனியா, மேல் ஓடை, கரையில், நிமிர்ந்த தண்டு.’ ஐந்தாறு வரி கீழே, ‘152, பிகோனியா, கீழ் ஓடை, ஈரப்பாறையில் ஒட்டி, இலை அடி சிவப்பு.’ பிறகு கட்டை அவிழ்த்து, மடித்த பழைய தினசரித் தாள் ஒன்றை உருவி மேஜையில் வைத்துப் பிரித்தாள். இருவரும் குனிந்தோம்.

நிமிர்ந்த தண்டு இல்லை. படர்ந்த கிழங்கு, அதில் கொஞ்சம் பாசி ஒட்டியபடியே காய்ந்திருந்தது. அவள் லென்ஸால் பார்த்தாள். “பாசி ஒட்டிக்கினு இருக்குது பாரு. கரையில மண்ணுலருந்து எடுத்ததுல பாசி எப்படி வரும்? நீ சொல்றதுதான் சரி. காஞ்சி வந்தப்புறம் ரெண்டும் ஒரே மாதிரி பழுப்பா கெடந்திச்சி. நான் செடியப் பாக்கல. நம்பரத்தான் நம்பினேன்” என்றாள். லென்ஸைக் கீழே வைத்துவிட்டு, “அப்படின்னா இது நீ பாத்த செடிடி. நான் இத்தினி வருஷமா நான் பாத்ததுன்னு நெனச்சிக்கினு இருந்தேன்” என்றாள். அவள் நடிக்கவில்லை.

நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. தாளின் மூலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பென்சிலால் 147 என்று எழுதியிருந்தது. ஏழின் நடுவே குறுக்கே ஒரு சின்னக் கோடு. எங்கள் மூவரில் ஏழுக்குக் கோடு போடுகிறவள் நான் ஒருத்திதான்.

அப்போது அந்த விறகடுப்பு மாலை முழுதாக நினைவுக்கு வந்தது. இரண்டு பிகோனியாத் தாளும் ஒரே நேரத்தில் என் மடியில் திறந்து கிடந்தன. அடுத்த அறையில் ‘ரொம்ப நல்லா எழுதியிருக்கம்மா’. இரண்டு செடியையும் புதிய தாள்களுக்கு மாற்றிவிட்டு, எரிச்சலோடு, எண்ணை அப்புறம்தான் எழுதினேன். இதற்கு அதை, அதற்கு இதை. அவள் என் செடியைத் திருடவில்லை. என் கையாலேயே, பென்சிலால் எழுதி, நானே அவளுக்குக் கொடுத்திருக்கிறேன்.

அவள் விரலும் அந்த எண்ணின் மேல் வந்து நின்றது. என்னை நிமிர்ந்து பார்த்தாள். நான் கத்திப் பேசினேன், அவள் அந்த ஆசிரியைகளுக்குக் கேட்காதபடி மெதுவாகச் சொன்னாள்: “இது நீ போட்ட ஏழு.”

நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

அட்டெண்டர் அம்மா டீ கொண்டுவந்து வைத்தார். அவள் குறிப்பேட்டை மூடினாள், தாளை மடித்தாள். டீயைத் தொடவில்லை. நான் என் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, அதன் மேல் ஆடை படிவதைப் பார்த்தபடி இருந்தேன். சொல்வதற்கு ஒரு வாக்கியம்தான். தாள் மாத்தும்போது நான்தான் மாத்திப் போட்டுட்டேன் என்று சொல்ல வேண்டும். அந்த இரண்டு பெண்கள் அங்கே இல்லாமல் இருந்திருந்தால் சொல்லியிருப்பேன் என்று பிறகு எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அவர்கள் காதில் விழ வேண்டுமென்று சத்தம் போட்டதும் நான்தான்.

கடைசியில் அவளே பேசினாள். “சரி, உடு. லேபிள் எழுதினது நான். செடியப் பாத்து எழுதியிருக்கணும். திருத்தச் சீட்டு என் பேர்லயே எழுதி அனுப்பிடறேன்.”

ஹெர்பேரியத்தில் பழைய லேபிளை அடிப்பதோ கிழிப்பதோ கிடையாது. தப்பு இருந்தால், அதைத் திருத்துகிறவர் ஒரு சின்னச் சீட்டில் எழுதித் தன் பெயரும் தேதியும் போட்டு லேபிளுக்கு மேலே ஒட்டச் சொல்லி அனுப்புவார். தப்பும் இருக்கும், திருத்தமும் இருக்கும், திருத்தியவர் பெயரும் இருக்கும்.

“ஒனக்கு எப்படித் தோணுதோ அப்படிப் பண்ணு” என்றேன். இதைவிடக் கேவலமான ஒரு வாக்கியத்தை நான் என் வாழ்நாளில் பேசியதில்லை.

அவளே ஸ்கூட்டரில் பஸ் ஸ்டாண்டுக்குக் கொண்டுவந்து விட்டாள். வேகவைத்த மல்லாட்டை ஒரு பொட்டலம் வாங்கி ஜன்னல் வழியாகக் கொடுத்தாள். விழுப்புரம் வருவதற்குள் அத்தனையையும் தின்று தீர்த்தேன். மறுநாள் அந்த ஆராய்ச்சிப் பெண்ணைக் கூப்பிட்டு, கீழ் ஓடைக்குப் போய்ப் பாறையில் பார் என்று சொன்னேன். திண்டிவனம் மேடம் நேற்றே சொல்லிவிட்டார் என்றாள்.

இந்த வருடம் மழை பிடித்ததும் அந்தப் பெண் கீழ் ஓடைக்குப் போனாள். பாறையில் அது இருந்தது. பூவோடு படம் அனுப்பினாள். அழிந்துவிட்டது என்று எழுதியிருந்த பக்கத்தைக் கிழித்துப் போட்டுவிட்டேன் மேடம் என்று எழுதியிருந்தாள். மனதார சந்தோஷப்பட்டேன். ஒரு அரை நாள் இருக்கும்.

அன்று பிற்பகல், நாங்கள் செடிக்காரர்கள் இருக்கும் வாட்ஸப் குழுவில், திருத்தச் சீட்டு ஒட்டிய தாளின் புதிய படத்தை யாரோ போட்டார்கள். நான் விழுப்புரத்தில் வகுப்பு முடிந்து ஆசிரியர் அறையில் இருந்தேன். படத்தைப் பெரிதாக்கினேன். இந்த முறை எல்லா வரியையும் படித்தேன். ‘இடம் கீழ் ஓடை, ஈரப்பாறை. 147, 152 ஆகிய எண்கள் மாறிவிட்டன. பிழை சேகரித்தவருடையது.’ அதற்கடுத்த வரி என்னிடம் அவள் சொல்லாதது. ‘இச்செடியை முதலில் கண்டவர்’ என்று எழுதி என் பெயர். முழுப்பெயர், இனிஷியலோடு, ஓர் எழுத்துக்கூடத் தப்பாமல். அதற்குக் கீழேதான் அவள் கையெழுத்து.

குழுவில் பாராட்டு குவிந்தது. இத்தனை வருடம் கழித்துத் தன் தவறைத் தானே ஒப்புக்கொள்ளும் மனசு யாருக்கு வரும் என்று ஒருவர். மேடத்தைப் பார்த்து இளைய தலைமுறை கற்றுக்கொள்ள வேண்டும் என்று இன்னொருவர். கண்டவருக்கும் வாழ்த்துகள் என்று எனக்கும் இரண்டு பேர் கைகூப்பி வைத்திருந்தார்கள். வயிறு எரிந்தது. ஆமாம், அப்போதும் எரிந்தது. நான் செய்த தப்புக்கு வர வேண்டிய பாராட்டும் அவளுக்கே போகிறதே என்று எரிந்தது. எப்பேர்ப்பட்ட புத்தி பாருங்கள்.

அவளைக் கூப்பிட்டேன். “ஏன்டி என் பேரப் போட்ட?”

“நீதான பாத்த?”

“தப்ப ஏன் ஒன்னுதுன்னு எழுதின?”

அந்தப் பக்கம் வராண்டாவில் மாணவிகள் போகிற சத்தம் கேட்டது. பிறகு சொன்னாள்: “அன்னைக்கு டீ ஆறிப் போற வரைக்கும் நீ சொல்லுவ சொல்லுவன்னு பாத்துக்கினு இருந்தேன்டி. நீ சொல்லல. யாராவது எழுதித்தான ஆவணும்?” கோபமாகச் சொல்லவில்லை. வகுப்பு இருக்கிறது, போறேன் என்று வைத்துவிட்டாள்.

தாளில் இன்னொரு சீட்டு ஒட்ட இடம் இருக்கிறது. நான் எழுத வேண்டியது ஒரே வரி. மூன்று முறை எழுதி, மூன்று முறையும் மேஜை இழுப்பறையில் போட்டுவிட்டேன். என் இடத்தில் அவள் இருந்திருந்தால் அந்த டீ ஆறுவதற்குள் சொல்லியிருப்பாள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.